குரலால் வாழ்ந்த கலைஞர்

மேடை நடிகருக்கு உடல் துணை செய்யும். திரை நடிகருக்கு ஒளியும் ஒப்பனையும் துணை செய்யும். வானொலி நடிகருக்கோ குரலன்றி வேறு துணை இல்லை. நடிப்பவரின் வயது, ஊர், தொழில், உள்ளத்தின் நிலை ஆகிய யாவற்றையும் நேயர் காதால் மட்டுமே கண்டுகொள்ள வேண்டும். அக்குரலையே முதலாகக் கொண்டு, மேடை, வானொலி, திரை, தொலைக்காட்சி என்னும் நான்கு துறைகளிலும் புகழ் நாட்டியவர் கே. எஸ். பாலச்சந்திரன்.

இலங்கையில் வானொலி 1925 டிசம்பர் 16 இல் தொடங்கிற்று. பிற்காலத்தில் 'சானா' என நேயர் அறிந்த சண்முகநாதன் தமிழ் நாடகப் பகுதியை வளர்த்தார். இலங்கையர்கோன் எழுதிய 'விதானையார் வீட்டில்' யாழ்ப்பாணத்து வீட்டுப் பேச்சை ஒலிவாங்கியின் முன் கொணர்ந்தது. அடுக்களையிலும் திண்ணையிலும் வழங்கும் மொழி நாடகத்திற்குத் தகுமோ என ஐயுற்றோருக்கு அதுவே தக்க விடையாயிற்று.

அவ்வழியில் வந்தவரே பாலச்சந்திரன். 1944 ஜூலை 10 இல் வடமராட்சியின் கரவெட்டியில் பிறந்த அவர், இறைவரித் திணைக்களத்தில் பணிபுரிந்தவாறே கலைத்தொண்டு ஆற்றினார். சில்லையூர் செல்வராசன் எழுதி, மக்கள் வங்கியின் ஆதரவில் ஒலிபரப்பான 'தணியாத தாகம்' தொடரில் அவர் சோமுவாக நடித்தார். பின்னர் 'வாத்தியார் வீட்டில்' என்னும் தொடரைத் தாமே எழுதினார்.

அவரை ஊரறியச் செய்தது 'அண்ணை றைற்' என்னும் தனிநபர் நாடகம். யாழ்ப்பாணத்துப் பேருந்து ஒன்றின் நடத்துநரும் அவரே. ஏறுவோரும் இறங்குவோரும் அவரே. வண்டியைச் செலுத்துமாறு சாரதிக்கு நடத்துநர் கொடுக்கும் குரலே நாடகத்தின் பெயராயிற்று. 'அண்ணே' என்றழைக்கும் மாத்தளைத் தோட்டத்துச் செவிகளுக்கு 'அண்ணை' என்னும் விளி சற்றே புதிது. ஆயினும், நெரிசலில் நின்று பயணஞ்செய்யும் துன்பம் இறத்தோட்டைக்கும் கரவெட்டிக்கும் பொதுவன்றோ! எளியோரை எள்ளி நகையாடாமல், அவர்தம் பேச்சிலேயே நகைச்சுவையைக் கண்டமையே அவர் கலையின் சிறப்பு.

தென்னிந்தியப் படங்களே அரங்குகளை நிறைத்திருந்த காலத்தில், இந்நாட்டுக் கதையை இந்நாட்டு மொழியில் திரைக்குக் கொணர்தல் பெருமுயற்சியாகும். செங்கை ஆழியானின் புதினத்தைத் தழுவி, பிரேம்நாத் மொறாயஸ் இயக்கத்தில் 1978 இல் வெளிவந்த 'வாடைக்காற்று' படத்தில் பாலச்சந்திரன் நடித்தார். நெடுந்தீவு மீனவர் வாழ்வைக் கூறும் கதை அது. மலையகமும் வாளாவிருக்கவில்லை. மாத்தளை கார்த்திகேசு என்னும் எழுத்தாளர் 1980 இல் 'அவள் ஒரு ஜீவநதி' என்னும் படத்தைத் தயாரித்தார். வணிகத்தில் வலிமை குன்றிய அம்முயற்சிகளுக்கு, மேடையிலும் வானொலியிலும் பயின்ற நடிகர்களே உரமாயினர்.

1982 பெப்ரவரி 15 இல் ரூபவாஹினி தொடங்கியது. அதன் தொடக்க காலத் தமிழ் நாடகங்களுள் ஒன்றான 'உதயத்தில் அஸ்தமன'த்திலும் அவர் தோன்றினார். போர் பல கலைஞரைச் சிதறடித்தது. அவரும் பின்னர் கனடாவில் குடியேறினார். ஆங்கும் மேடையை விட்டாரல்லர். 2009 இல் 'கரையைத் தேடும் கட்டுமரங்கள்' என்னும் புதினத்தை வெளியிட்டார். 2014 பெப்ரவரி 26 இல் ரொறன்ரோவில் காலமானார்.

புதினம் நூலகத்தில் இருக்கும். திரைப்படம் சுருளில் இருக்கும். வானொலிக் குரலோ ஒலிநாடாவில் பேணப்பட்டாலன்றி, பிறந்த காற்றோடே கலந்து மறையும். வீட்டில் பழைய ஒலிப்பேழைகளை வைத்திருக்கும் நேயர்கள் அவற்றை எறிந்துவிடாதிருப்பார்களாக. ஒரு தலைமுறையின் பேச்சு அவற்றில் உறைந்திருத்தல் கூடும்.