கம்பி வழி வந்த இசை

இசை கேட்க விரும்பியவன் இசை நிகழும் இடத்துக்குச் செல்லவேண்டும் என்பதே நெடுங்காலம் உலக நியதியாக இருந்தது. இசையே கேட்பவனைத் தேடி அவன் வீட்டுக்கு வருதல் கூடும் என்ற நிலை தோன்றி ஏறக்குறைய ஒன்றரை நூற்றாண்டுதான் ஆகின்றது. இன்றோ, ஒரு வீட்டின் ஓர் அறையிலுள்ள கணினியிலே சேமித்து வைத்த இசை, கூடத்திலுள்ள ஸ்டீரியோக் கருவியிலே ஒலிக்கின்றது. இடையே சுழலும் தட்டும் இல்லை. ஓடும் நாடாவும் இல்லை. இஃது எவ்வாறு கைகூடிற்று? இதன் வரலாற்றை நோக்குமிடத்து இரண்டு வினாக்கள் மீண்டும் மீண்டும் எழுவதைக் காணலாம். கம்பி எவ்வளவு இசையைச் சுமக்கும் என்பது ஒன்று. அக்கம்பியின் மறுமுனை யார் கையில் இருக்கின்றது என்பது மற்றொன்று.

1881-ஆம் ஆண்டு பாரிஸ் மாநகரிலே அனைத்துலக மின்சாரக் கண்காட்சி நடைபெற்றது. கிளெமாந் அதேர் என்னும் பிரெஞ்சுப் பொறியியலாளர், ஒபெரா அரங்கின் மேடையோரமாக ஒலிவாங்கிகளை வரிசையாக அமைத்தார். அவற்றினின்று புறப்பட்ட கம்பிகள் நகரின் நிலத்தடிக் கழிவுநீர்ச் சுரங்கங்கள் வழியே கண்காட்சி மண்டபத்தை அடைந்தன. அங்கு வந்தோர் இரு செவிகளிலும் இரு கேள்கருவிகளை வைத்துக் கேட்டனர். ஒவ்வொரு செவிக்கும் மேடையின் வெவ்வேறு இடத்திலிருந்து ஒலி வந்தமையால், பாடகர் ஒரு புறமிருந்து மறுபுறம் நடப்பதும் செவிக்குப் புலனாயிற்று. ஸ்டீரியோ ஒலியின் முதற் காட்சி இதுவே எனலாம்.

1890-இல் இம்முறையை வீடுகளுக்கு வழங்கத் 'தெயாத்ரோபோன்' நிறுவனம் தோன்றியது. புகழ்பெற்ற நாவலாசிரியர் மார்செல் புரூஸ்ட் 1911-இல் அதன் சந்தாதாரரானார். வானொலியும் கிராமபோனும் பரவிய பின்னர், 1932-இல் அச்சேவை நின்றது. நின்றதும் சந்தாதாரரிடம் ஒரு பாட்டேனும் எஞ்சவில்லை. அவர்கள் விலை கொடுத்துப் பெற்றது இசையையன்று. இசை வரும் வழியையே.

தொலைபேசிக் கம்பிக்கு வேறொரு குறையும் இருந்தது. நெடுந்தூரம் செல்லச் செல்ல ஒலி மெலிந்தது. மெலிந்ததைப் பெருக்கினால் கூடவே இரைச்சலும் பெருகியது. 1937-இல் அலெக் றீவ்ஸ் என்னும் ஆங்கிலேயப் பொறியியலாளர் இதற்கு ஒரு மாற்று வழி கண்டார். ஒலியலையை அவ்வாறே அனுப்பாமல், அதன் உயரத்தைக் குறித்த இடைவேளைகளில் அளந்து, அந்த அளவுகளை இலக்கங்களாக அனுப்பலாம் என்பதே அவர் கருத்து. இலக்கம் தெளிவாக வந்து சேருமாயின் இரைச்சல் அதனைத் தீண்டாது. இசை எண்ணாக மாறக்கூடும் என்றான பின்பு, அது எண்களை ஆளும் கணினியின் கைக்கு வருதல் காலத்தின் செயலே. 1957-இல் அமெரிக்காவின் பெல் ஆய்வுகூடத்தைச் சேர்ந்த மக்ஸ் மத்யூஸ், தாம் எழுதிய நிரலைக் கொண்டு ஒரு கணினியை 17 விநாடி இசைக்கச் செய்தார்.

1982-இல் பிலிப்ஸ், சொனி ஆகிய நிறுவனங்களின் கூட்டுமுயற்சியாக இறுவட்டு விற்பனைக்கு வந்தபோது, எண்ணாகிய இசை இல்லங்களை அடைந்தது. அதில் ஒவ்வொரு விநாடிக்கும் ஒலி 44,100 முறை அளக்கப்படுகின்றது. ஒவ்வோர் அளவும் 16 பிற்றுகளால் எழுதப்படுகின்றது. இடம், வலம் என இரு தடங்கள். மூன்றையும் பெருக்கினால் விநாடிக்கு 14,11,200 பிற்றுகள். 74 நிமிட இசையைச் சேமிக்க ஏறக்குறைய 780 மெகாபைற் இடம் வேண்டும். அக்காலத்து வீட்டுக் கணினி எதிலும் அவ்வளவு இடம் இருக்கவில்லை. தொலைபேசிக் கம்பியோ, இலக்கமுறைக்கு மாறிய பின்னரும், விநாடிக்கு 1,28,000 பிற்றுகளையே வீட்டுக்குச் சுமந்தது. சுமையில் பதினொன்றில் ஒரு பங்கையே தூக்கவல்ல வண்டி அது.

அந்த வண்டியில் முழுச் சுமையையும் ஏற்றமுடியுமா? ஜேர்மனியின் எர்லாங்கன் நகரப் பேராசிரியர் டீற்றர் சைற்சர், தொலைபேசிக் கம்பியில் நல்லிசையை அனுப்பவேண்டும் என எண்ணினார். காப்புரிமை அலுவலகம் இஃது இயலாத காரியம் என மறுத்தது. அவருடைய மாணவர் கார்ல்ஹைன்ஸ் பிராண்டன்பேர்க் அதனையே தம் ஆராய்ச்சிப் பொருளாக ஏற்றார். பேரிகை முழங்கும்போது அருகிலே சிறு சலங்கை ஒலிப்பின் செவி அதனை அறியாது. செவி அறியாததை ஏன் சுமக்கவேண்டும்? இத்தத்துவத்தைக் கொண்டு அவரும் பிரவுன்ஹோபர் நிறுவனத்தாரும் பிறரும் வகுத்த முறையே எம்பி3. 1995-இல் அதற்கு அப்பெயர் சூட்டப்பட்டது. ஓர் இறுவட்டின் சுமை பதினொன்றில் ஒன்றாகியது. இயலாது என்ற காரியம் இயன்றது.

கம்பியின் வலிமை பற்றிய முதல் வினா இவ்வாறு தணிந்தது. ஆயின் இசை வந்து சேர்ந்த இடமோ எழுதுமேசை. கணினியின் விசிறி இரைந்தது, வன்தட்டு முனகியது, உட்புற மின்னோட்டங்களின் சலசலப்பு ஒலியிலும் கலந்தது. அதனைக் கூடத்துக்குக் கொண்டுவந்து நல்ல ஒலிபெருக்கியின் அருகே வைத்தால், மெல்லிய ஆலாபனையின் இடையே விசிறியின் சுருதியே மேலோங்கும். இதற்குத் தீர்வு கணினியை மௌனமாக்குவதன்று. அதனை வேறோர் அறையில் விட்டு, இசையை மட்டும் அழைத்துவருவதே.

2001-இல் கலிபோர்னியாவின் ஸ்லிம் டிவைசஸ் என்னும் சிறு நிறுவனம் இத்தகைய கருவி ஒன்றை வெளியிட்டது. அதில் விசிறியும் இல்லை, வன்தட்டும் இல்லை. எழுத்துகள் ஒளிரும் சிறு முகப்பும், வலையமைப்புக் கம்பி செருகும் துளையும், ஸ்டீரியோவுக்குச் செல்லும் இணைப்புமே அதன் அங்கங்கள். மறு அறையிலுள்ள கணினியில் இயங்கும் பரிமாறு மென்பொருள், கேட்ட பாட்டை எண்களாக அனுப்பியது. 2003-இல் வந்த 'ஸ்குவீஸ்பொக்ஸ்' கம்பியின்றியே அதனைப் பெற்றது.

வலையமைப்பு எண்களைச் சீராகத் தருவதில்லை, விட்டுவிட்டே தரும். ஸ்டீரியோவோ கணமும் பிசகாத ஓட்டத்தை வேண்டும். இவ்விரண்டையும் பொருத்தியது எது? மழை விட்டுவிட்டுப் பெய்யினும் குளம் அதனைத் தேக்கி மதகு வழியே வாய்க்காலுக்கு ஒரே அளவில் நீர் விடுவதில்லையா? அவ்வாறே கருவியின் நினைவகம் சில விநாடி இசையை முன்னரே தேக்கிவைக்கும். அதனுள் துடிக்கும் பளிங்குக் கடிகாரம் விநாடிக்கு 44,100 என்னும் கணக்கிலே அதனை வெளிவிடும். அவ்வெண்கள் மீண்டும் மின்னலையாகி ஒலிபெருக்கியை அடையும்.

அதே 2001-ஆம் ஆண்டில் ஜோஷ் கோல்சன் என்பவர் 'பிளாக்' என்னும் முறையை முழுமையாக்கி வெளியிட்டார். எம்பி3 துணியின் ஓரங்களைக் கத்தரிப்பது போன்றது. பிளாக் அதனை மடித்து வைப்பது போன்றது. விரித்தால் ஒரு நூலும் குறையாது. வன்தட்டுகள் பெருத்து விலையும் குறைந்தமையால், இறுவட்டில் உள்ளதை உள்ளபடியே சேமித்தல் எளிதாயிற்று. இசைத்தட்டுச் சுழலிக்குப் பேர்பெற்ற ஸ்கொத்லாந்து நிறுவனமாகிய லின், 2009-இன் இறுதியுடன் இறுவட்டுக் கருவிகள் செய்வதையே நிறுத்தியது.

இனி எஞ்சியது இரண்டாவது வினா. 2008-இல் சுவீடனிலிருந்து ஸ்பொற்றிபை சேவை தொடங்கியது. வீட்டுக் கணினியில் எதனையும் சேமிக்காமலே, மாதச் சந்தாவுக்கு எண்ணற்ற பாடல்களைக் கேட்கும் வசதி கிட்டியது. தெயாத்ரோபோன் புதுவடிவில் திரும்பியது போன்றதே இது. வசதி பெரிது, ஆயினும் சந்தா நின்றால் இசையும் நிற்கும். உரிமையாளர் ஒரு பாட்டை மீட்டுக்கொண்டால் கேட்பவரிடமிருந்தும் அது மறையும்.

ஸ்குவீஸ்பொக்ஸ் கருவியின் பிற்கால வரலாறு இதற்கு மறுபுறத்தைக் காட்டுகின்றது. 2006-இல் லொஜிரெக் நிறுவனம் ஸ்லிம் டிவைசஸை வாங்கியது. 2012-இல் அக்கருவி வரிசை கைவிடப்பட்டது. 2024-இல் அதற்கென நடத்தப்பட்ட இணையச் சேவையும் மூடப்பட்டது. ஆயினும் வீடுகளில் அக்கருவிகள் ஊமையாகவில்லை. தொடக்கத்திலிருந்தே பரிமாறு மென்பொருளின் மூலநிரல் யாவரும் படித்துத் திருத்தக்கூடியதாக வெளியிடப்பட்டிருந்தது. பயன்படுத்துவோரே அதனைப் பேணினர். 2024-இல் அது 'லைரியன்' என்னும் புதுப்பெயர் பெற்றது. 2012-இல் வந்த 'ராஸ்பெரி பை' என்னும் உள்ளங்கையளவுக் கணினியும் அதே மென்பொருளோடு இணைந்து, பழைய கருவியின் வேலையைச் செய்யக் கற்றுக்கொண்டது.

1932-இல் பாரிஸிலே நின்றதும், 2024-க்குப் பின்னரும் நில்லாததும் ஒரே கனவின் இரு முடிவுகளாகும். வேறுபாடு கம்பியில் இல்லை, கருவியிலும் இல்லை. முன்னதில் பாட்டும் வழியும் முற்றாகப் பிறர் கையில் இருந்தன. பின்னதில் பாட்டின் பிரதி கேட்பவர் வீட்டிலும், வழியின் அறிவு பொதுச்சொத்தாகவும் இருந்தன. வெளியிலிருந்து வரும் இசையை மகிழ்ந்து கேட்கலாம், அதில் தவறில்லை. எனினும் தம் பிள்ளைகளும் கேட்கவேண்டும் என ஒருவர் விரும்பும் பாட்டு, அவர்தம் வீட்டுக் கணினியிலும் ஒரு பிரதியாக இருத்தல் நன்று.