முன்வைப்புத் திறன்

முன்வைப்புத் திறன் என்பது பணியிடத்தில் ஒரு கருத்தையோ திட்டத்தையோ அவையோர் முன் தெளிவாக எடுத்துரைக்கும் ஆற்றல் ஆகும். இது ஆங்கிலப் புலமையினின்று வேறானது. இரண்டையும் ஒன்றெனக் கருதித் தமிழ்வழி பயின்றோர் பலர் நேர்காணலிலேயே தயங்கிவிடுகின்றனர்.

1924 இல் ரால்ப் ஸ்மெட்லி கலிபோர்னியாவில் தொடங்கிய டோஸ்ட்மாஸ்டர்ஸ் மன்றத்தில் ஒருவர் சில நிமிடங்கள் பேசுவார். மற்றொருவர் உடனே நிறைகுறைகளைக் கூறுவார். பயிற்சியின் உயிர்நாடி இம்மதிப்பீடே. தமிழ்நாட்டில் 2022 மார்ச் 1 அன்று தொடங்கப்பட்ட நான் முதல்வன் திட்டத்திலும் தொடர்பாடல் பயிற்சி இடம்பெற்றது.

மதுரை விளாங்குடி போன்ற பகுதிகளின் மாணவர்களுக்குப் பட்டிமன்றம் அருகிலுள்ள மரபாகும். நடுவராகப் புகழ்பெற்ற சாலமன் பாப்பையா மதுரை அமெரிக்கன் கல்லூரியில் தமிழ் கற்பித்தவர். குறித்த நேரத்துக்குள் வாதத்தை முடிப்பதும் எதிரணியின் கூற்றைக் கேட்டு மறுப்பதும் அலுவலகத்திலும் வேண்டப்படுபவை. திரையிலுள்ள வாசகங்களை அப்படியே படிக்கும் குறைக்கு மட்டும் பட்டிமன்றத்தில் இடமில்லை. அங்கு திரையே கிடையாது.