உள்ளடுக்குக் குறிப்புகளில் தேடல்

உள்ளடுக்குத் தேடல் என்பது, ஒன்றன் கீழ் ஒன்றாக உள்தள்ளி எழுதப்பட்ட குறிப்புகளுக்குள் வேண்டிய வரியைக் கண்டெடுக்கும் முறை. அவுட்லைனர் எனப்படும் மென்பொருள்களிலும் அவற்றின் வழிவந்த குறிப்பேட்டுச் செயலிகளிலும் இது அடிப்படை வசதி. பார்வைக்குச் சாதாரணச் சொல் தேடல் போலத் தெரிந்தாலும் இதில் ஒரு தனிச் சிக்கல் உண்டு. 'வீடு கட்டும் வேலை' என்ற தலைப்பின் கீழ் 'கொத்தனார்', 'எலக்ட்ரீஷியன்' என்று இரண்டு வரிகள் இருக்கின்றன. இரண்டின் கீழும் 'முன்பணம் கொடுத்தாச்சு' என்று ஒரே வரி. 'முன்பணம்' என்று தேடினால் அச்சு அசலாக ஒன்றுபோல இரண்டு விடைகள் வரும். யாருக்குக் கொடுத்தது என்பது இரண்டிலும் இராது. சரி, 'கொத்தனார் முன்பணம்' என்று தேடினால்? இரண்டு சொல்லும் சேர்ந்த வரி எங்குமே இல்லாததால் ஒன்றுமே வராது. எழுதியவர் கொத்தனாரை மறுபடி குறிப்பிடாததற்குச் சோம்பல் காரணமில்லை. மேலே ஒருமுறை எழுதிவிட்டால் கீழே திரும்ப எழுத வேண்டாம் என்பதுதான் உள்தள்ளி எழுதுவதன் பயனே. ஆகவே இங்கே ஒரு வரியின் பொருள், அதிலிருந்து உச்சித் தலைப்பு வரை செல்லும் பாதை முழுவதிலும் பரவிக் கிடக்கிறது. தேட வேண்டியது வரியையா, பாதையையா என்ற கேள்விக்கு மென்பொருள்கள் மெல்ல மெல்ல விடை கண்டதே இத்துறையின் வரலாறு. 'வரி' என்ற விடை நெடுங்காலம் செல்லுபடியானதற்குப் பழக்கத்தைத் தவிர வலுவான காரணம் எதுவும் இல்லை.

தொடக்கம் டக்ளஸ் எங்கல்பார்ட்டிடம் இருக்கிறது. ஸ்டான்ஃபோர்ட் ஆய்வு நிறுவனத்தில் அவர் குழு உருவாக்கிய என்எல்எஸ் என்ற அமைப்பு, 1968 டிசம்பர் 9 அன்று சான் பிரான்சிஸ்கோவில் நடந்த கணினி மாநாட்டில் செயல்விளக்கமாகக் காட்டப்பட்டது. கடைக்குப் போய் வாங்க வேண்டிய பொருள்களின் பட்டியலைத் திரையில் எழுதி, அவற்றை வகை வகையாகப் பிரித்து, வகைகளை மடித்தும் விரித்தும் காட்டினார் எங்கல்பார்ட். எத்தனை அடுக்கு தெரிய வேண்டும், ஒவ்வொன்றிலும் எத்தனை வரி தெரிய வேண்டும் என்று தனித்தனியே சொல்ல முடிந்தது. உள்ளடக்கத்தைச் சலிக்கும் வடிகட்டி ஒன்றும் அதில் இருந்தது. கொடுத்த வடிவத்துக்குப் பொருந்தும் கூற்றுகள் மட்டும் திரையில் நிற்கும். ஆனால் அடுக்கைக் கையாளும் கருவியும் சொல்லைச் சலிக்கும் கருவியும் அங்கே அக்கம்பக்கத்தில் இருந்தனவே தவிர, ஒன்றையொன்று அறிந்தவையாக இல்லை. வடிகட்டி ஒவ்வொரு கூற்றையும் தனியாகவே எடைபோட்டது. இதே காலகட்டத்தின் இன்னொரு மரபும் இந்தப் போக்கை உறுதிப்படுத்தியது. 1973-இல் யூனிக்ஸில் இடம்பெற்ற கிரெப் என்ற நிரல் ஒரு கோப்பை வரி வரியாகப் படித்து, பொருந்திய வரியை மட்டும் அச்சிடும். நிரல் எழுதுவோர் தலைமுறை தலைமுறையாக அதில் பழகிய பிறகு, தேடல் என்றாலே வரித் தேடல்தான் என்று ஆகிவிட்டது.

1983-இல் ஆப்பிள் 2 கணினிக்கு டேவ் வைனரின் லிவிங் வீடியோடெக்ஸ்ட் நிறுவனம் வெளியிட்ட திங்க்டாங்க், அவுட்லைனரைத் தனிநபர் கணினிக்குக் கொண்டுவந்தது. 1986-இல் மேக்கிண்டாஷுக்கு வந்த 'மோர்' அதன் வாரிசு. ஒரு கிளையை மட்டும் தனியே உயர்த்தி, மற்றதெல்லாம் மறையும்படி செய்யும் வசதி இந்த மரபில் புகழ்பெற்றது. தேடும் எல்லையைக் குறுக்குவதற்கு இது உதவும்: கொத்தனார் கிளைக்குள் நுழைந்துவிட்டால் 'முன்பணம்' ஒன்றுதான். ஆனால் எந்தக் கிளை என்று தெரிந்தவருக்குத்தான் இது பயன்படும். தெரியாததால்தானே தேடவே வருகிறோம்.

இந்நிலையில், மேல்வரியிலிருந்து கீழ்வரிகள் கிளைக்கும் இந்த மர அமைப்பே வேண்டாம் என்ற குரல் எழுந்தது. அது புதிதும் அல்ல. வானிவர் புஷ் 1945-லேயே, தகவலை வகுப்புக்குள் வகுப்பாக அடுக்கிவைத்து இறங்கித் தேடுவது மனம் செயல்படும் முறைக்கு ஒவ்வாதது என்று வாதிட்டிருந்தார். 1988-இல் வந்த லோட்டஸ் அஜெண்டா இதைச் செயல்படுத்திக் காட்டியது. அதில் ஓர் உருப்படி எத்தனை வகைப்பாடுகளில் வேண்டுமானாலும் இருக்கலாம். ஆனால் அந்த வகைப்பாடுகளே ஒரு மரமாக அடுக்கப்பட்டிருந்தன. கீழ்வகையில் சேர்த்த உருப்படி மேல்வகையிலும் தானாகச் சேர்ந்துகொண்டது. வாசல் வழியாக வெளியேற்றப்பட்ட மரம் கொல்லைப்புறமாக உள்ளே வந்துவிட்டது. 2020 வாக்கில் பரவலான ரோம் ரிசர்ச் செயலியிலும் இதுவே நிகழ்ந்தது. பக்கங்களுக்கு இடையிலான இணைப்பே அதன் பெருமை. ஆனால் இரண்டு இணைப்புகளைச் சேர்த்துக் கேட்கும் வினவலில், ஒன்று கீழ்வரியிலும் மற்றொன்று மேல்வரியிலும் இருந்தால்கூட அது பொருத்தமாகவே கொள்ளப்படுகிறது. எனவே இணைப்பும் குறிச்சொல்லும் வந்த பிறகு அடுக்கு தேவையில்லை என்ற வாதத்தை, அந்த வாதத்துக்குச் சான்றாகக் காட்டப்படும் கருவிகளே மறுக்கின்றன.

பாதையை முதலில் மதித்தது விடையைக் காட்டும் விதம். 2003-இல் வானியலாளர் கார்ஸ்டன் டொமினிக் ஈமேக்ஸ் தொகுப்பிக்கு எழுதிய ஆர்க்-மோடில், தேடலின் விளைவாக ஆவணம் முழுதும் மடிந்து, பொருந்திய வரிகளும் அவற்றுக்கு மேலுள்ள தலைப்புகளும் மட்டும் விரிந்து நிற்கும் காட்சி கிடைத்தது. ஆவணத்தை விட்டு வெளியேறாமலே வரியும் அதன் பாதையும் கண்ணுக்குத் தெரியும். 2010-இல் வந்த வொர்க்ஃப்ளோவி இதையே உலாவியில் எவரும் பயன்படுத்தும்படி எளிமையாக்கியது. முன்பணம் பற்றிய அந்த இரட்டை விடைக் குழப்பம் இங்கே தீர்ந்தது. 'கொத்தனார் முன்பணம்' என்ற இரண்டாவது சிக்கல் தீரவில்லை. அதற்குப் பொருத்தம் பார்க்கும் முறையே மாற வேண்டும். ஆர்க்-மோடில் அதற்கும் பாதி விடை இருந்தது: தலைப்புக்கு இட்ட குறிச்சொல்லைக் கீழுள்ளவை எல்லாம் மரபுரிமையாகப் பெறும். ஆனால் தலைப்பின் பண்புகளுக்கு அவ்வுரிமை இயல்பாகக் கிடையாது. தேடலை அது வெகுவாகத் தாமதப்படுத்தக்கூடும், பெரும்பாலும் தேவைப்படாது என்று கையேடே காரணம் சொல்கிறது.

அந்தத் தயக்கம் நியாயமானதுதான், ஆனால் கணக்கு வேறு மாதிரி இருக்கிறது. ஒரு மரத்தில் இரு கணுக்களுக்கு, அதாவது இரு வரிகளுக்கு, பொதுவான மிக அண்மை மூதாதையைக் காணும் சிக்கலை ஆஹோ, ஹாப்கிராஃப்ட், உல்மன் மூவரும் 1973-இலேயே ஆராய்ந்தனர். 1984-இல் ஹரேல், டார்ஜன் இருவரும், முன்கூட்டி ஆயத்தம் செய்துகொண்டால் மரம் எவ்வளவு பெரிதானாலும் ஒவ்வொரு கேள்விக்கும் மாறாத நேரத்தில் விடை தரலாம் என்று காட்டினர். மனிதர் கையால் எழுதும் குறிப்பு அத்தனை ஆழமாகவும் போவதில்லை. ஒரு வரியிலிருந்து உச்சிக்கு ஏறிச் செல்வது சில படிகள்தான். உண்மையான செலவு திருத்தத்தில் இருக்கிறது. லாக்செக் செயலி ஒவ்வொரு பத்தியுடனும் அதன் மேல்வரிகளின் இணைப்புகளையும் சேர்த்துச் சேமித்துவைத்தது. தேடல் அதனால் விரைவாகும். ஆனால் ஒரு கிளையைப் பிடுங்கி வேறிடத்தில் நட்டால் அதன் கீழுள்ள அத்தனைக்கும் அந்தப் பட்டியலை மாற்றி எழுத வேண்டும்.

இன்னொரு ஆட்சேபம் கனமானது. மேல்வரியின் சொல் கீழ்வரிகளுக்கும் பொருந்தும் என்றால், 'வீடு' என்று தேடுபவருக்கு வீடு கட்டும் வேலையின் நூறு வரிகளும் வந்து கொட்டாதா? கொட்டும், அப்படியே செயல்படுத்தினால். எக்ஸ்எம்எல் ஆவணத் தேடலில் 2002-இல் தொடங்கிய ஐனெக்ஸ் மதிப்பீட்டு முயற்சி இதே இடரைச் சந்தித்தது: ஒரே விடை பத்தியாகவும், அதை உள்ளடக்கிய பிரிவாகவும், அத்தியாயமாகவும் மும்முறை வந்தது. 2005-இல் சூ, பாபகான்ஸ்டான்டினோ இருவரும் முன்வைத்த தீர்வு, எல்லாச் சொற்களையும் கொண்ட மிகச் சிறிய கிளையை மட்டும் விடையாகத் தருவது. குறிப்பேட்டுக்கு இதைச் சற்று இறுக்க வேண்டும் என்பதே என் கணிப்பு. மேல்வரி பொருள் தரும். பக்கத்து வரி தராது. கொத்தனார் ஒரு கிளையிலும் முன்பணம் அடுத்த கிளையிலும் இருந்தால், அவற்றின் பொதுத் தலைப்பை விடையாகக் காட்டுவது பிழை. ஆகவே விதி இப்படி அமையலாம்: தேடிய சொற்களில் ஒன்றாவது அந்த வரியிலேயே இருக்க வேண்டும், மற்றவை அதன் பாதையில் எங்கிருந்தாலும் போதும். இவ்விதிப்படி 'வீடு' என்ற தேடலுக்கு அந்தச் சொல் உள்ள வரிகள் மட்டுமே வரும். உள்தள்ளலில் அக்கறையில்லாமல் தலைப்பையும் விவரத்தையும் ஒரே மட்டத்தில் தட்டச்சு செய்பவர்களை இவ்விதி கைவிட்டுவிடும் என்பது மெய். அவர்களுக்கு அப்சிடியன் போன்ற செயலிகளில், ஒரே பிரிவுக்குள் சொற்கள் எங்கிருந்தாலும் கண்டெடுக்கும் குறியீடு உதவக்கூடும்.

தமிழில் எழுதுபவருக்கு இதில் கூடுதல் அக்கறை உண்டு. 'வீடு' என்ற எழுத்துத்தொடரை மட்டும் பார்க்கும் தேடல் 'வீட்டுக்கு', 'வீட்டில்' என்பவற்றைத் தவறவிடும். தலைப்புகளில் பெரும்பாலும் வேற்றுமை ஏறாத வடிவமே நிற்பதால், பாதையைப் பார்க்கும் தேடல் அந்த இழப்பில் ஒரு பகுதியை ஈடுசெய்யும்.

சொல்லுக்குப் பதில் பொருளை ஒப்பிடும் செயற்கை நுண்ணறிவுத் தேடல் வந்துவிட்டது, இனி இந்த நுணுக்கம் எதற்கு என்று கேட்பவர்கள் இருக்கிறார்கள். அத்தேடலும் ஆவணத்தைத் துண்டு துண்டாக வெட்டி, ஒவ்வொரு துண்டையும் எண்களாக மாற்றித்தான் ஒப்பிடுகிறது. 'முன்பணம் கொடுத்தாச்சு' என்ற வரி தனித் துண்டானால், எத்தனை நுட்பமான மாதிரியும் அதில் கொத்தனாரைக் கண்டுபிடிக்க முடியாது. அதனாலேயே துண்டுகளை எண்ணாக்கும் முன் ஒவ்வொன்றின் தலையிலும் அதன் மேல்தலைப்புகளை ஒட்டும் வழக்கம் இத்துறையில் ஏற்பட்டிருக்கிறது.