வாய் சொன்ன கணக்கும் குப்பைத்தொட்டி சொன்ன கணக்கும்

"நீங்க எவ்வளவு குடிப்பீங்க?" என்று யாரையாவது கேட்டுப் பாருங்கள். "எப்பவாவது.. ஃப்ரெண்ட்ஸ் கூட.. கொஞ்சம்தான்" என்று பதில் வரும். இந்தக் 'கொஞ்சம்' எத்தனை மில்லி என்று கண்டுபிடிக்கத்தான் ஆராய்ச்சியாளர்கள் எழுபது வருடத்துக்கும் மேலாகத் திண்டாடுகிறார்கள்.

அவர்களிடம் முதலில் மாட்டியவர்களில் நம்மைப் போன்ற மாணவர்களும் உண்டு! அமெரிக்காவின் யேல் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ராபர்ட் ஸ்ட்ராஸ், செல்டன் பேக்கன் இருவரும் 27 கல்லூரிகளில் 15,000க்கும் அதிகமான மாணவர்களிடம் கேள்வித்தாள் கொடுத்தார்கள். முடிவுகள் 1953இல் புத்தகமாக வந்தன. எத்தனை நாளைக்கு ஒருமுறை குடிக்கிறாய், குடித்தால் வழக்கமாக எவ்வளவு? இரண்டு பதில்களையும் சேர்த்து ஆளை வகைப்படுத்தினார்கள். பின்னால் வந்த பல சர்வேக்களும் இதே வழியில்தான் போயின.

வில்லங்கம் அந்த 'வழக்கமாக' என்ற சொல்லில் இருக்கிறது. தினமும் ஒரு கோப்பை குடிப்பவர் சனிக்கிழமை பார்ட்டியில் எட்டு குடித்தாலும் 'ஒன்று' என்றுதான் எழுதுவார். அது பொய்யா? என்னைக் கேட்டால் இல்லை. 'தினமும் எவ்வளவு நேரம் படிக்கிறாய்' என்ற படிவத்தில் நான் நான்கு மணி நேரம் என்று எழுதியவன். அதுவும் மனசார!

கனடாவில் காய் பெர்னானென் என்ற ஆய்வாளர் 1974இல் இதை அலசினார். சர்வேயில் மக்கள் ஒப்புக்கொண்ட அளவு, கடைகளில் விற்ற அளவில் ஏறக்குறைய பாதிதான். மீதி சரக்கை யார் குடித்தது?

அதே சமயம் அரிசோனாவின் டூசான் நகரில் வில்லியம் ராத்ஜே என்ற தொல்லியல் பேராசிரியர் ஒரு வேலை செய்தார். 1973இல் தொடங்கி, மாணவர்களை வைத்து வீட்டுக் குப்பைகளைக் கிளறினார் (பாவம் அந்த மாணவர்கள்). வாசலில் நின்று கேட்டபோது பீர் குடிப்பதாகச் சொன்னது சுமார் 15% வீடுகள். குப்பையில் பீர் கேன் கிடந்ததோ முக்கால்வாசி வீடுகளில்! வாரத்துக்கு எட்டு கேனுக்கு மேல் என்று ஒருவர்கூடச் சொல்லவில்லை. தொட்டியில் எட்டைத் தாண்டிய வீடுகள் ஏராளம்.

சிரித்துவிட்டுப் போகிற விஷயமில்லை இது. நாலு கோப்பை குடிப்பவர் இரண்டு என்று சொல்லிவிட்டு ஈரல் கெட்டுப் படுத்தால், இரண்டு கோப்பைக்கே ஈரல் கெடும் என்று ஆய்வில் பதிவாகும். எது ஆபத்தான அளவு என்ற கணக்கே தடம் மாறிவிடும்.

அதனால் கேள்வியை மாற்றிப் பார்த்தார்கள். காலண்டரைக் கையில் கொடுத்து, பிறந்தநாள், விடுமுறை எல்லாம் ஞாபகப்படுத்தி, ஒவ்வொரு நாளாகக் கேட்கும் முறை வந்தது. எண் கூடியது, ஆனாலும் இடைவெளி முழுதாக மூடவில்லை.

இப்போது உலக சுகாதார அமைப்பு ஒரு நாட்டின் மொத்தக் குடியைக் கணக்கிட விற்பனைப் புள்ளிவிவரத்தையே அடிப்படையாக எடுக்கிறது. கள்ளச்சாராயம் போன்றவற்றுக்கு ஒரு மதிப்பீட்டைச் சேர்த்துக்கொள்கிறது. ஆனால் அந்த மொத்தத்தில் ஆண் எவ்வளவு, பெண் எவ்வளவு, எந்த வயதுக்காரர் எவ்வளவு என்று விற்பனை ரசீது சொல்லாது. அதற்கு மறுபடியும் வீட்டு வாசலில் போய் நின்று கேட்கத்தான் வேண்டியிருக்கிறது.