கல்கத்தாவில் கற்ற தொழில்

சிவகாசித் தீப்பெட்டியின் வரலாறு ஒரு தொழிற்பயிற்சியில் ஆரம்பிக்கிறது. 1922இல் அய்ய நாடாரும் சண்முக நாடாரும் கல்கத்தா போய்த் தொழில் கற்றுவந்தார்கள். மல்லாங்கிணற்றுக்காரனான எனக்கு இதில் பெருமைதான். ஆனால் ஒன்றை நாம் கவனிப்பதில்லை: மாசக்கணக்கில் கூலியில்லாமல் கற்றுக்கொள்ள அவர்களால் முடிந்தது.

பின்னாட்களில் விடியுமுன் ஆலை பஸ் ஏறிய கிராமத்துப் பிள்ளைகளுக்கு அந்த அவகாசம் வாய்க்கவில்லை. குச்சி அடுக்கினார்கள், பெட்டி ஒட்டினார்கள். தொழில் கைக்கு வரவில்லை.

1986 சட்டம் 14 வயதுக்குக் கீழே உள்ளவர்களை இந்த வேலையிலிருந்து விலக்கியது. 1996இல் எம்.சி. மேத்தா வழக்கில், விதிமீறி வேலைக்கு வைத்த ஒவ்வொரு குழந்தைக்கும் முதலாளி 20,000 ரூபாய் கட்டணும் என்றது உச்ச நீதிமன்றம். அதன் வருமானம் அந்தக் குழந்தையின் படிப்புக்கு. 2016 திருத்தம் வெடிபொருள் வேலையை 18 வயது வரை தடுத்தது.

எல்லாமே வேண்டிய தடைகள்தான். ஆனா ஆலைக் கதவைச் சாத்தினால் மட்டும் பயிற்சிக் கதவு திறந்துவிடாது. பத்தாவதோடு நின்ற பிள்ளை ஐடிஐயில் ரெண்டு வருஷம் உட்கார்ந்தால் வீட்டில் ஒரு வாரக்கூலி குறையும். பசித்தால் பிள்ளை பள்ளிக்கு வராது என்று புரிந்துகொண்டு 1956இல் மதிய உணவு போட்டவர், விருதுநகர்க்காரர் காமராஜர். பதினாறு வயதில் அந்தப் பசி வீட்டுக்கே உரியதாகிவிடுகிறது. அதற்கும் கணக்குப் போட்டால்தான் பயிற்சி எல்லாருக்குமானதாகும்.