கழுத்தில் ஒரு பிரேக்!

தாடைக்குக் கீழே, கழுத்தின் ஒரு பக்கம் விரல் வையுங்கள். 'டக்... டக்'கென்று துடிக்கிறதா? தொட்டதோடு சரி. அழுத்திப் பார்க்கிற விஷப்பரீட்சை மட்டும் வேண்டாம்!

1866-ல் செர்மாக் என்ற விஞ்ஞானி அந்தப் பரீட்சையில் இறங்கினார், அதுவும் தன் கழுத்திலேயே! இதயத்துடிப்பு மெதுவானது. உள்ளே வேகஸ் நரம்பு நசுங்குகிறது, அதனால்தான் என்று முடிவுகட்டினார். அது தப்பு என்று காட்ட 1920-கள் வரை காத்திருக்க வேண்டியிருந்தது. ஜெர்மனியின் ஹெரிங்தான் சங்கதியைக் கண்டுபிடித்தார். அந்த இடத்தில் ரத்தக்குழாய் சற்றே புடைத்திருக்கும். ரத்த அழுத்தம் ஏறி அதன் சுவர் விரிந்தால், நரம்பு நுனிகள் மூளைக்குத் தகவல் சொல்லும். மூளை உடனே, "மெதுவாப் போப்பா!" என்று இதயத்துக்கு பிரேக் போடும்.

சரி, பிரேக் நன்றாகப் பிடிக்கிறதா என்று எப்படித் தெரிந்துகொள்வது? 1969-ல் ஆக்ஸ்ஃபோர்டு டாக்டர்கள் வழி சொன்னார்கள் (அவர்கள் ஆராய்ந்தது என்னவோ தூக்கத்தை!). ஊசிபோட்டு ரத்த அழுத்தத்தை ஏற்றுவது. ஒவ்வொரு புள்ளி ஏறும்போதும் அடுத்த துடிப்பு எத்தனை மில்லி செகண்ட் தள்ளிப்போகிறது என்று பார்ப்பது. அவ்வளவுதான்!

இது ஏன் உயிர்ப் பிரச்னை? 'ஹார்ட் ஃபெயிலியர்' என்றால் இதயம் நின்றுவிட்டது என்று அர்த்தமில்லை. பம்ப் பலவீனமாகிவிட்டது. அந்தப் பலவீனத்தை ஈடுகட்ட, உடம்பு இதயத்தைச் சாட்டையால் அடித்து ஓட்டிக்கொண்டே இருக்கும். பிரேக்கும் போய்விட்டால்?

மாரடைப்பிலிருந்து மீண்ட 1,284 பேரை வைத்து நடந்த 'அட்ராமி' ஆய்வின் முடிவு 1998-ல் வந்தது. அந்த அளவு 3-க்கும் கீழே இருந்தவர்கள் அதிகமாக இறந்திருந்தார்கள். பம்ப்பும் பலவீனம், பிரேக்கும் பழுது என்றிருந்தவர்களின் நிலைமை இன்னும் மோசம். ஸ்கேனில் இரண்டு பேரின் இதயமும் ஒரே மாதிரி தெரியலாம். ஆனால், யாருக்கு ஆபத்து அதிகம் என்று கழுத்து காட்டிக்கொடுத்துவிடுகிறது! ஹார்ட் ஃபெயிலியர் நோயாளிகளிடமும் இதே கதைதான் என்று 1997-லேயே இத்தாலிய டாக்டர்கள் எழுதியிருந்தார்கள்.

அப்படியானால், பிரேக்கையே ரிப்பேர் செய்துவிடலாமே? அதையும் முயன்றார்கள். கழுத்தின் அதே புடைப்பில் மின்தூண்டல் கொடுக்கும் கருவியை 2019-ல் அமெரிக்கா அனுமதித்தது. நோயாளிகளின் அவஸ்தை குறைந்தது, கூடுதலாக நடக்கவும் முடிந்தது. ஆயுள் கூடுமா என்ற கேள்விக்கு 2023-ல் வந்த முடிவுகள் 'ஆம்' என்று சொல்லவில்லை.