மலையை விட்டிறங்கிய யானைகள்

சென்ற மாதம் தரம் 10 வகுப்பிலே களிறு, பிடி, வேழம், கைம்மா என்று யானைக்குத் தமிழில் வழங்கும் பெயர்களைச் சொல்லிக்கொண்டிருந்தேன். கைம்மா என்றால் கையுடைய விலங்கு என்று விளக்கியபோது, தோட்டத்திலிருந்து வரும் மாணவன் ஒருவன் எழுந்து, "சேர், நம்ம மலையில முந்தி ஆனை இருந்துச்சா?" என்று கேட்டான். அதற்கு விடை பதுளை நகரிலேயே, சென் மார்க்ஸ் தேவாலயத்தின் சுவரிலே இருக்கிறது.

அங்குள்ள நினைவுக்கல் மேஜர் தோமஸ் வில்லியம் ரொஜர்ஸ் என்பவருக்குரியது. தேவாலயமே அவர் நினைவாக எழுந்ததுதான். இலங்கை றைபிள் படையின் அதிகாரி. பதுளையில் ஆட்சிப் பொறுப்பும் வகித்தவர். ஊவாவுக்கு வீதிகள் அமைத்தவர் என்று பெயரெடுத்தவர். அவர் சுட்டுக் கொன்ற யானைகள் 1400க்கு மேல் என்று அக்கால ஆங்கிலேயரே எழுதிவைத்தனர். தந்தத்துக்காக என்றும் சொல்வதற்கில்லை. இலங்கையின் ஆண் யானைகளில் நூற்றுக்குப் பத்துக்கும் குறைவானவையே கொம்பன்கள், மற்றவை அலியன்கள்.

1845 ஜூன் 7ஆம் திகதி ஹப்புத்தளையில் ரொஜர்ஸ் மின்னல் தாக்கி இறந்தார். நுவரெலியாவிலுள்ள அவருடைய கல்லறையையும் மின்னல் பிளந்தது என்று கதை சொல்லி மகிழ்வோர் இன்றும் உண்டு. எனக்கு அந்தக் கதையில் ஈடுபாடு இல்லை. யானையைக் கொன்றவனுக்கு அரசே சன்மானம் கொடுத்த காலம் அது. வட மாகாணத்தின் ஒரு பகுதியில் மாத்திரம் 1848க்கு முந்திய மூன்று ஆண்டுகளுக்குள் 3500 யானைகள் அழிந்தன என்று எமர்சன் டெனன்ட் எழுதியிருக்கிறார். மின்னல் எத்தனை பேரைத் தேடிப் போகும்?

அழிந்த வமிசம் எத்துணைப் பழமையானது என்பதையும் அந்தப் பையனுக்குச் சொல்ல வேண்டியிருந்தது. யானைக் குலத்தின் தொடக்கம் ஆபிரிக்காவில். மொரோக்கோவில் கிடைத்த மிகப் பழைய எலும்புகள் ஆறு கோடி ஆண்டுகளுக்கு முந்தியவை. அந்தப் பிராணியை ஒருவர் கையில் தூக்கிக்கொண்டு போயிருக்கலாம். எகிப்தின் பயூம் பாலைநிலத்தில் அகப்பட்ட மொரித்தீரியம் பன்றியளவினது. நீரிலும் சேற்றிலும் பாதி வாழ்வு, தும்பிக்கை இல்லை. இன்று யானைக்கு நெருங்கிய உறவு காட்டில் இல்லை, மன்னார்க் கடலிலே வாழும் கடற்பசுதான் என்றபோது வகுப்பே சிரித்தது. இரண்டுக்கும் பால்மடி மார்பிலே என்று சொல்லிப் பார்த்தேன்; இன்னும் உரக்கச் சிரித்தார்கள்.

இந்தச் சரித்திரத்தை எழுதி வைத்திருப்பது பல். மரஞ்செடிகளின் தழையைத் தின்ற பழைய இனங்களுக்குக் கடைவாய்ப் பல்லில் சில மேடுகளே இருந்தன. காடு சுருங்கிப் புல்வெளி பரந்தபோது, மணலோடு கூடிய முரட்டுப் புல்லை அரைப்பதற்குப் பல் உயர்ந்தது; மேடுகள் நெருங்கித் தகடு தகடாயின. அம்மி பொழிவதுபோல என்றால் விளங்கும். ஒரு யானைக்கு வாழ்நாளில் ஆறு தொகுதிப் பற்கள். ஒன்று தேய்ந்ததும் மற்றது பின்னிருந்து முன்னே நகர்ந்து வரும். ஆறாவதும் தேய்ந்தால் தீனியின்றிச் சாவுதான்.

வட இந்தியாவின் சிவாலிக் குன்றுகளிலே, நீண்ட தந்தங்கள் இரண்டும் ஒட்டினாற்போல் வளர்ந்த ஒரு பழைய இனத்தின் எலும்புகள் கிடைத்தன. தும்பிக்கையை அவற்றின் இடையே தொங்கவிட இடமிராது. பக்கவாட்டில்தான் போட்டிருக்க வேண்டும். அதற்கு ஸ்டெகொடன் கணேசா என்று, நம் பிள்ளையாரின் பெயரையே 1840களில் சூட்டினார்கள் பல்கனரும் கோட்லியும். இந்தியாவில் தேயிலை பயிரிடலாம் என்று ஆரம்பத்திலேயே யோசனை சொன்னவர்களுள் அந்தப் பல்கனரும் ஒருவர்! அதே ஆண்டுகளில்தான் இங்கே ரொஜர்ஸின் துப்பாக்கி முழங்கிக்கொண்டிருந்தது.

நமக்கு அயலிலுள்ள இரத்தினபுரியிலும், மாணிக்கக் குழிகளின் அடிமண்ணில் பண்டைய யானைகளின் பல்லும் எலும்பும் வெளிப்பட்டன. கொழும்பு நூதனசாலையின் பணிப்பாளராயிருந்த பி. ஈ. பி. தெரணியகல அவற்றை ஆராய்ந்தார். நீர்யானை, காண்டாமிருகம், சிங்கம்கூட அங்கே இருந்திருக்கின்றன. அவை எப்படி வந்தன? பனியுகங்களில் கடல் நூறு மீற்றருக்கு மேல் தாழ்ந்தபோது மன்னாருக்கும் இராமேசுவரத்துக்கும் இடையே தரைதான். அவ்வழியே நடந்து வந்தன.

"அப்ப ஆனையும் நம்மாளுங்க மாதிரி நடந்தே வந்துச்சா சேர்?" என்றான் பையன்.

நான் சற்று நேரம் பேசாமல் நின்றேன். கோப்பிக் காலத்தில் நம் முன்னோர் தோணியேறி மன்னாரில் இறங்கி, மாத்தளை வரை காட்டுவழியே நடந்தார்கள். பேதி கண்டு வழியில் விழுந்தவர்கள் எத்தனையோ பேர். எஞ்சியவர்களின் கையில் கொடுக்கப்பட்ட கோடரி, யானைகள் நின்ற மலைக்காட்டின் மீதே விழுந்தது. கோப்பி போய்த் தேயிலை வந்தது. 1948இன் பிரசாவுரிமைச் சட்டம் நம்மவரை நாடற்றவராக்கியது. 2003இல் அது திருத்தப்பட்ட பிறகும், "வந்தவர்கள்" என்ற சொல்லைப் பஸ்ஸிலே நான் கேட்டிருக்கிறேன்.

"ஆமாம், நடந்துதான் வந்தது" என்றேன்.

இன்று ஊவாவில் காட்டு யானையைக் காண மலையிறங்கி வெல்லவாய, புத்தல பக்கம் போக வேண்டும். தவணை முடிவில் உடவளவைக்குச் சுற்றுலா போவதாக ஏற்பாடு. பஸ்ஸைக் காலையில் முதலில் சென் மார்க்ஸ் வாசலில் நிறுத்தச் சொல்லியிருக்கிறேன்.